ஏற்காட்டுக்கு எந்தப் பல்சக்கரம்?

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு வணக்கம். வேலையை விட்டு உட்கார்ந்த கிழவன் ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள். போன வாரம் உங்களில் ஒருவர் என்னைத் தேடி வந்தார். தூரப் பயணம் போகிற மோட்டார் சைக்கிள் ஒன்றுக்குப் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது, புதிதாக எந்த அளவு போட்டால் நல்லது என்று கேட்டார். வண்டி எங்கே போகிறது, யாரை ஏற்றிக்கொண்டு போகிறது என்று கேட்டேன். அதெல்லாம் தெரியாது, பொதுவாக எது நல்லது என்று சொன்னால் போதும் என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "பொதுவாக எது நல்லதென்றால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவது நல்லது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பாவம், முகம் வாடிப் போய்விட்டது. அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை இப்போது எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கியர் பெட்டியிலிருந்து பின்சக்கரத்துக்குச் செயின் போகிறதே, அந்தச் செயின் முன்பக்கம் மாட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பல்சக்கரத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். அது கொஞ்சம் பெரிதாக இருந்தால் வண்டி வேகமாக ஓடும், இழுவை குறையும். சின்னதாக இருந்தால் இழுவை கூடும், வேகம் குறைந்து எஞ்சின் அதிகமாகச் சுற்றிச் சூடேறும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. சங்கதி இவ்வளவுதான். மற்றதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது உலகச் சண்டைக்குச் சில வருஷம் முந்தி நடந்தது இது. அப்போது நான் ராயபுரத்தில் காதர் பாய் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். துறைமுகத்துக்குப் பக்கம். சீமைக்குக் கப்பலேறும் துரைகள் போகிற போக்கில் தங்கள் மோட்டார் சைக்கிள்களை ஏலத்தில் விட்டுவிட்டுப் போவார்கள். அவற்றை வாங்குகிற நம் ஊர்க்காரர்கள் நேரே எங்களிடம் ஓட்டிக்கொண்டு வருவார்கள். அப்படி வந்தவர்தான் ஏகாம்பரம்.

ஏகாம்பரம் கூட்ஸ் ரயில் வண்டி டிரைவர். புளியந்தோப்பில் வீடு, பெரம்பூரில் வேலை. கூட்ஸ் டிரைவருக்கு சைடு கார் வைத்த மோட்டார் சைக்கிள் எதற்கு என்று ஊரே சிரித்தது. அவர் சம்சாரம் தனபாக்கியத்துக்கு இழுப்பு நோய். பெரம்பூர்ப் பக்கம் எங்கே திரும்பினாலும் புகை. ஒர்க்‌ஷாப் புகை, எஞ்சின் ஷெட் புகை, மில் புகை. அந்த அம்மாள் நாலு வார்த்தை பேசினால் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஐந்தாவது வார்த்தை பேசுவார். ஏகாம்பரம் வேலை முடிந்து வந்தால் தெருக்குழாயிலேயே குளித்து, கரி படிந்த காக்கியை வாசலுக்கு வெளியே வாளியில் ஊறப்போட்ட பிறகுதான் வீட்டுக்குள் கால் வைப்பார். சாயங்காலமானால் அம்மாளை சைடு காரில் உட்கார வைத்துத் திருவொற்றியூர்க் கடலோரத்துக்கு அழைத்துப் போவார். அங்கே போனால் கொஞ்சம் மூச்சு சீராகும். அதற்காகவே வாங்கிய வண்டி அது. காரணம் தெரிந்த பிறகு நான் சிரிக்கவில்லை.

அந்த வருஷம் இழுப்பு அதிகமாகிவிட்டது. இனி ஒரு வருஷம் இந்தப் புகையில் வைத்திருந்தால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அம்மாளின் தம்பி ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. அங்கே ஒரு சின்ன வீடு ஏற்பாடு செய்து, வந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினான். ஏகாம்பரம் ரிடையராகும் முன்பே வேலையை விட்டார். புளியந்தோப்பு வீட்டைக் காலி செய்தார். சாமான்களை ரயிலில் ஏற்றி அனுப்பிவிட்டு அம்மாளையும் ரயிலில் ஏற்றினார். எஞ்சின் புகை பெட்டிக்குள் அடித்து, அரக்கோணம் போவதற்குள் அம்மாளுக்கு மூச்சு முட்டிப்போய், பிளாட்பாரத்தில் இறக்கிப் படுக்க வைக்க வேண்டியதாகிவிட்டது. பஸ்ஸில் போகலாமென்றால் பீடிப் புகை. வாழ்நாளெல்லாம் ரயில் ஓட்டின மனுஷன், தன் சம்சாரத்தை ஒரு ரயிலில் ஏற்றிக் கூட்டிப்போக முடியவில்லையே என்று எங்கள் பட்டறை வாசலில் உட்கார்ந்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

ஆகவே மோட்டார் சைக்கிளிலேயே ஏற்காடு போவதென்று முடிவாயிற்று. அந்த நேரம் பார்த்து முன் பல்சக்கரம் தேய்ந்து, பற்கள் கொக்கி மாதிரி வளைந்து, செயின் தாவ ஆரம்பித்திருந்தது. அதே அளவில் புதுசு வேண்டுமென்றால் சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும். அதற்குள் கோடை வந்துவிடும். எங்கள் பெட்டியில் அந்த வண்டிக்குப் பொருந்துகிறதாக இரண்டு இருந்தன. ஒன்று பழையதைவிடப் பெரியது, மற்றொன்று சின்னது.

இப்போது எங்கள் பட்டறையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலை முடிந்த வண்டி எதுவானாலும் வாடிக்கைக்காரர் கையில் கொடுக்கும் முன் 'பாலம் காட்டுவோம்'. ராயபுரத்தில் ரயில் பாதைக்கு மேலே போகிற பாலம் இருக்கிறதே, அதில் ஏற்றிக் காட்டுவது. வடசென்னை முழுக்கத் தாம்பாளம் மாதிரி தட்டை. எண்ணூர் வரை போனாலும் ஏற்றம் என்று சொல்ல வேறொன்றும் கிடையாது. எங்களுக்கு அந்தப் பாலம்தான் மலை. அதில் முக்காமல் ஏறிவிட்டால் வண்டி உலகத்தில் எங்கும் ஏறும் என்று நாங்கள் எல்லோரும் மனதார நம்பினோம்.

பெரியதைப் போட்டுப் பாலம் காட்டினோம். ஏகாம்பரமே ஓட்டினார். கடைத்தெருவிலிருந்தே வேகம் எடுத்து வந்து, சர்ரென்று ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிட்டார். காதர் பாய் மீசையைத் தடவிக்கொண்டு, "இன்னா நைனா, ஏற்காடு இன்னா, இமயமலைக்கே போவலாம்" என்றார். ஏகாம்பரத்துக்கும் சந்தோஷம். அவருக்கு மறுநாளே கிளம்பிவிட வேண்டும். எல்லோரும் டீ சாப்பிடப் போகிற நேரத்தில், பட்டறை ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தனபாக்கியம் அம்மாள் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"தம்பி, பாலத்துக்கு எம்மாந்தூரத்துலேர்ந்து ஓடியாந்தாரு?" என்று கேட்டுவிட்டு மூச்சு வாங்கினார். நான் சொன்னேன். "மலையில வளைவுக்கு வளைவு... அந்த ஓட்டம் யாரு குடுப்பா? நடுவுல நின்னுட்டா... மறுபடி கெளம்புமா? அத்த காட்டு."

கூட்ஸ் டிரைவருடன் அத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவர். ஏற்றத்தில் நின்றுவிட்ட கூட்ஸ் வண்டியை மறுபடி நகர்த்துவது எவ்வளவு பெரிய பேஜாரு என்று தினம் தினம் சாப்பாட்டுக்கு நடுவில் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர். நான் போய் பாயிடம் சொன்னேன். பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. நம் பட்டறையில் பாலம் காட்டின வண்டி எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை, நீ புதுசாக என்ன கண்டுவிட்டாய் என்றார். ஏகாம்பரமும் அவர் பக்கம்தான் பேசினார். ரயிலையே மலையேற்றினவன் நான், இந்தப் பொம்மை வண்டியை ஏற்றத் தெரியாதா என்றார்.

இந்த மாதிரி நேரம் உங்களுக்கும் வரும். முதலாளி ஒரு பக்கம், வாடிக்கைக்காரர் அதே பக்கம், இருவருக்கும் அவசரம். தலையாட்டிவிட்டுப் போவது ரொம்பச் சுலபம். நானும் ஆட்டியிருப்பேன், சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மலை வளைவில் வண்டி நின்று பின்னால் உருண்டால், சைடு காரில் உட்கார்ந்திருக்கப் போகிறவர் அவர். இறங்கி நடந்து ஏறவும் அவருக்கு மூச்சு கிடையாது. கேட்க உரிமை உள்ளவர் அவர் ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றியது. ஒரே ஒரு தடவை பாலத்துக்கு நடுவில் நிறுத்திக் காட்டிவிடுவோம் பாய், நஷ்டம் ஒன்றுமில்லையே என்று கெஞ்சினேன்.

பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. நானே சைடு காரில் உட்காருகிறேன், பார்த்துவிடுவோம் என்று ஏறி உட்கார்ந்தார். பாய் நல்ல பருமன். தனபாக்கியம் அம்மாளோடு ஒரு ட்ரங்குப் பெட்டியும் சேர்ந்தால் ஆகிற கனம் சரியாக இருந்தது. பாலத்தின் நடு ஏற்றத்தில் ஏகாம்பரம் நிறுத்தினார். நான் பின்னால் நின்றேன். அவர் கிளட்சை விட்டார். எஞ்சின் ஒரு முக்கு முக்கி அணைந்தது. மறுபடி உதைத்தார். கிளட்ச் கருகுகிற நாற்றம் வந்ததே தவிர வண்டி முன்னால் வரவில்லை. பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னாடி தோல் மூட்டை ஏற்றின மாட்டு வண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. நான் தோளைக் கொடுத்து முட்டுக் கொடுக்க, வண்டிக்காரன் எங்கள் மூன்று பேரின் பரம்பரையையும் இழுத்துத் திட்ட, பாய் இரண்டு கையாலும் சைடு காரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அல்லாவைக் கூப்பிட்டார்.

இறங்கியதும் பாய் வேர்வையைத் துடைத்துக்கொண்டு பட்டறைக்கு நடந்தே வந்தார். வந்து, அந்த அம்மாள் முன்னால் நின்று, "நீ சொன்னதுதாம்மா சரி" என்றார். வாடிக்கைக்காரர்கள், எதிர்க்கடைக்காரர்கள் எல்லோரும் கேட்கச் சொன்னார். நான் பிறகு எத்தனையோ முதலாளிகளைப் பார்த்துவிட்டேன். அப்படி ஒரு வார்த்தை வாயிலிருந்து வர எத்தனை பேருக்கு மனசு இருக்கிறது சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே பாய் இருந்த வரை நான் வேறு பட்டறை தேடிப் போகவில்லை.

சரி, சின்னதைப் போட்டோம். பாலத்துக்கு நடுவில் நிறுத்தினோம், பாயை வைத்துக்கொண்டே அலட்டாமல் கிளம்பியது. கை தட்டினோம். ஆனால் இப்போது எனக்குச் சந்தேகப் புத்தி வந்துவிட்டது. ஏற்காட்டு மலை ஏறுவது கொஞ்ச தூரம். அதற்கு முன் விழுப்புரம், ஆத்தூர் என்று சேலம் வரை சமவெளியில் போக வேண்டுமே, அது எவ்வளவு தூரம்! எண்ணூர் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். திருவொற்றியூர், எர்ணாவூர் தாண்டிப் போகும்போது ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வருகையில் தெற்கிலிருந்து கடற்காற்று எதிரே அடித்தது. எஞ்சின் கத்திக் கத்தித் திருவொற்றியூர் வருவதற்குள் கொதித்துப்போய் நின்றுவிட்டது. தொட்டால் தோல் உரிகிற சூடு. பழைய எஞ்சின். இதே மாதிரி பங்குனி வெயிலில் சேலம் வரை ஓட்டினால் பாதி வழியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், நடுக்காட்டில் அந்த அம்மாளை வைத்துக்கொண்டு ஏகாம்பரம் நிற்க வேண்டியதுதான்.

பெரியது போட்டால் மலையில் ஆபத்து. சின்னது போட்டால் வழியில் ஆபத்து. வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்து சேர்ந்தோம். ஏகாம்பரம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். வீடும் இல்லை, வேலையும் இல்லை, தெரிந்தவர் வீட்டுத் தாழ்வாரத்தில் படுத்துக்கொண்டு நாளைக் கடத்துகிறோம், நாளுக்கு நாள் இவளுக்கு முடியவில்லை என்றார். இரண்டுக்கும் நடுவில் ஒன்று கடைந்து எடுக்கலாமா என்று பாய் கேட்டார். நடுவில் ஒன்று போட்டால் இரண்டு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் கெட்டுப்போகும் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம். சொல்லிவிட்டேன்.

தனபாக்கியம் அம்மாள்தான் பேசினார். புருஷனைப் பார்த்துக் கேலியாகத்தான் ஆரம்பித்தார்.

"மலையடியில கூட்ஸ் வண்டிக்கு இன்னா பண்ணுவீங்க?" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "வேற எஞ்சின் மாட்டுவோம்னு... ஊரெல்லாம் சொல்லிகினு கீறீங்களே. இந்த வண்டிக்கு மட்டும்... கொம்பா மொளைச்சு கீது?"

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். ரயில்காரர்களுக்கு அது அன்றாட வழக்கம். ஒரே எஞ்சின் வழி முழுக்க இழுக்க வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடிப்பதில்லை. மலையடிவாரம் வந்ததும் நிறுத்தி, மலைக்கென்று இருக்கிற எஞ்சினை மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். பட்டறைக்காரர்களான எங்களுக்கோ, வண்டிக்கு ஒரு பல்சக்கரத்தைப் போட்டு முடுக்கி அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. நடு வழியில் மாற்றலாம் என்று எங்கள் புத்திக்கு எட்டவே இல்லை.

பெரியதைப் போட்டு சேலம் வரை போவது, மலையடியில் சின்னதை மாட்டுவது என்று தீர்மானித்தோம். ஆனால் அதைக் கழற்றி மாட்டுவது டிரைவர் வேலை அல்ல. செயினையும் குறைக்க வேண்டும், சரியாக உட்காரவில்லை என்றால் வளைவில் பிடுங்கிக்கொண்டு போகும். யார் போவது என்று நான் கேட்கும் முன்பே பாய், "நீ ரயில்ல போய் அங்க நில்லு" என்று சொல்லிவிட்டார். பட்டறையில் வேலை குவிந்து கிடந்த சமயம் அது. என் பங்கு வேலையையும் அவரே குனிந்து செய்தார் என்று பிற்பாடு தெரிந்தது.

நான் துணிப்பையில் பல்சக்கரத்தையும் சாமான்களையும் போட்டுக்கொண்டு சேலம் போய்ச் சேர்ந்தேன். அவர்கள் வழியில் தங்கித் தங்கி, வெயில் ஏறும் முன் ஓட்டி, பத்திரமாக வந்துவிட்டார்கள். எஞ்சின் சூடாகவில்லை. அம்மாள்தான் களைத்துப் போயிருந்தார். கண் உள்ளே போயிருந்தது, உதடு கறுத்திருந்தது. மலையடியில் ஒரு புளிய மரத்தடியில் துண்டை விரித்துப் படுக்க வைத்துவிட்டு நான் வேலையைத் தொடங்கினேன். வாழ்க்கையில் எத்தனையோ பல்சக்கரம் மாட்டியிருக்கிறேன். அதை மட்டும் மாட்டி முடித்த பிறகும் இரண்டு தடவை முடுக்கிப் பார்த்தேன்.

வேலை முடிந்தது. அவர்களோடு நானும் ஏறிப் போக வண்டியில் இடமில்லை, கனமும் கூடாது. நான் ஏகாம்பரத்திடம் ஒன்றே ஒன்று சொன்னேன். எந்த வளைவிலாவது நின்றுவிட்டால் பதற்றப்படாதீர்கள், பாலத்தில் செய்த மாதிரியே செய்யுங்கள் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார், மூச்சு வரவில்லை, தலையை மட்டும் அசைத்தார். வண்டி ஏறத் தொடங்கியது.

சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. வளைவு வளைவாக மேலே போனது. பிறகு திடீரென்று நின்றுபோனது. மலை மறைத்ததா, வண்டியே நின்றுவிட்டதா என்று கீழே இருந்து எப்படித் தெரியும்? நான் சாலையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். பாலத்தில் நிறுத்திப் பார்த்தோமே என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாலம் எங்கே, இந்த மலை எங்கே! நிமிர்ந்து பார்த்தாலே கழுத்து வலித்தது.

வெகு நேரம் கழித்து மேலேயிருந்து ஒரு பஸ் இறங்கி வந்தது. டிரைவர் தண்ணீர் ஊற்ற நிறுத்தினார். ஓடிப்போய், மேலே சைடு கார் வைத்த வண்டி ஒன்றைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அந்த மனிதர் முகம் கடுகடுவென்று மாறியது.

"அது உங்க வண்டிதானுங்களா? நல்லா வந்தீங்க. மேலே பெரிய வளைவுல நான் இறங்கறேன், அது ஏறுது. மூஞ்சிக்கு மூஞ்சி. பாவம், அவங்க நிறுத்த வேண்டியதாப் போச்சு."

"நின்னுச்சா?" என்றேன்.

"நின்னுச்சுங்க. இருக்கறதுலயே செங்குத்தான இடம். சைடு கார்ல ஒரு அம்மா. ஹாரன் அடிக்காம வளைவுல வர்றியே, உனக்கு லைசென்ஸ் குடுத்தது யாரு, உன் பஸ்ஸுல இருக்கறதெல்லாம் உசுரா மூட்டையான்னு புடிச்சுது பாருங்க, அப்பப்பா. நடுவுல மூச்சு விட்டாத்தானே நான் பதில் சொல்றதுக்கு? பஸ்ஸுல இருந்தவங்கல்லாம் சிரிக்கறாங்க."

"அப்புறம்? வண்டி கெளம்பிச்சா?"

"அந்தம்மா திட்டி முடிக்கற வரைக்கும் நின்னுச்சு. முடிச்சதும் சுளுவா ஏறிப் போயிடுச்சுங்க."

நான் அந்த டிரைவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். அம்மா திட்டினது அவ்வளவுதானா, இன்னும் ஏதாவது உண்டா, ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்று கேட்டேன்.